ஈபி-1ஏ: அசாதாரணத் திறனை எதைக் காட்டி நிரூபிப்பது?

2025 செப்டம்பர் 19 அன்று வெள்ளை மாளிகையிலிருந்து இரண்டு அறிவிப்புகள் வந்தன. வெளிநாட்டிலிருந்து எச்-1பி எனும் தற்காலிக வேலை விசாவில் புதிதாக ஆள் எடுக்கும் நிறுவனம் 1,00,000 டாலர் கட்ட வேண்டும் என்றது ஒன்று. அமெரிக்க அரசுக்கு 10 லட்சம் டாலர் நன்கொடை தருபவருக்குக் ‘கோல்டு கார்டு’ என்றது மற்றொன்று. அந்த நன்கொடையை ஈபி-1ஏ எனப்படும் ‘அசாதாரணத் திறன்’ கிரீன் கார்டு பிரிவுக்கான சான்றாக எடுத்துக்கொள்ளவும் அந்த இரண்டாவது உத்தரவு வழிசெய்தது. ஏற்கெனவே எச்-1பியில் இருக்கும் இந்தியர்களிடையே பரவிவந்த ஈபி-1ஏ பேச்சு இதற்குப் பிறகு இன்னும் சூடுபிடித்தது. ‘பத்து அளவுகோல்களில் மூன்று இருந்தால் போதும், கிரீன் கார்டு நிச்சயம்’ என்ற விளம்பரங்களும் கூடவே பெருகின.

அந்த விளம்பர வாசகத்தில் பாதி உண்மை இருக்கிறது. மனுக்கள் விழுவது மீதிப் பாதியில். பணத்தையும் சில வருடங்களையும் அதில் தொலைப்பதற்கு முன், இந்தப் பிரிவு எப்படி இயங்குகிறது என்பதை அடியிலிருந்து பார்த்துவிடலாம்.

இது என்ன பிரிவு?

அமெரிக்காவில் வேலை அடிப்படையிலான கிரீன் கார்டுகள் ஆண்டுக்குச் சுமார் 1,40,000. 1990-ஆம் ஆண்டுக் குடியேற்றச் சட்டம் இவற்றை ஐந்து பிரிவுகளாக வகுத்தது. முதல் பிரிவான ஈபி-1க்கு 28.6 சதவீதம், அதாவது ஏறத்தாழ 40,000 கிடைக்கிறது. அதற்குள் மூன்று கிளைகள்: அசாதாரணத் திறன் உள்ளவர்கள் (ஈபி-1ஏ), சிறந்த பேராசிரியர்களும் ஆராய்ச்சியாளர்களும் (ஈபி-1பி), பன்னாட்டு நிறுவன மேலாளர்கள் (ஈபி-1சி).

மூன்றில் ஈபி-1ஏவுக்கு மட்டும் ஒரு தனிச்சலுகை உண்டு. வேலை தரும் நிறுவனம் தேவையில்லை. (‘பெர்ம்’ எனப்படும் தொழிலாளர் சான்றிதழ் மூன்று கிளைகளுக்குமே தேவையில்லை.) குடியேற்ற மனுவுக்கான ஐ-140 படிவத்தில் நம் பெயரிலேயே நாம் மனுப் போடலாம். நடுவில் வேலை போனாலும் மனு போகாது.

சட்டம் கேட்பது ‘தேசிய அல்லது சர்வதேச அளவில் நீடித்த புகழ்’. அதை விளக்கும் விதி, துறையின் உச்சிக்கு ஏறிய மிகச் சிலரில் ஒருவராக இருக்க வேண்டும் என்கிறது. அறிவியல், கலை, கல்வி, தொழில்வணிகம், விளையாட்டு ஆகிய ஐந்தில் எதிலும் இருக்கலாம். ‘ஐன்ஸ்டீன் விசா’ என்று ஊடகங்கள் வைத்த பெயரைக் கேட்டு நோபல் பரிசுக்காரர்களுக்கு மட்டும் என்று நினைத்துவிட வேண்டாம். மாடலாக இருந்த மெலானியா டிரம்ப் 2001-ல் ஈபி-1 வழியாகத்தான் கிரீன் கார்டு பெற்றார் என்று வாஷிங்டன் போஸ்ட் 2018-ல் எழுதியது.

இந்தியாவில் பிறந்தவர்களுக்கு ஏன் இத்தனை அவசரம்?

எந்த ஒரு நாட்டில் பிறந்தவர்களுக்கும் மொத்தத்தில் 7 சதவீதத்துக்கு மேல் கிடையாது என்பது பொது விதி. இதனால் இந்தியர்களின் ஈபி-2 (இரண்டாம் பிரிவு) வரிசை பத்தாண்டுகளைத் தாண்டிவிட்டது. 2025-ல் அந்த வரிசை 2013-ல் விண்ணப்பித்தவர்களை ஒட்டி நின்றபோது, ஈபி-1 வரிசை 2022-ல் விண்ணப்பித்தவர்களிடம் நின்றது.

இங்கே பலருக்குத் தெரியாத ஒரு விதி இருக்கிறது. ஈபி-2வில் ஒப்புதலான மனுவின் முன்னுரிமைத் தேதியை (வரிசையில் நம் இடத்தைக் குறிக்கும் தேதி) ஈபி-1ஏவுக்குக் கொண்டுபோகலாம். 2015-ல் நிறுவனம் போட்ட ஈபி-2 மனு ஒப்புதலாகி இருந்தால், இன்று ஈபி-1ஏ ஒப்புதல் கிடைத்ததும் அந்த 2015 தேதியோடு ஈபி-1 வரிசையில் நிற்கலாம். அந்த வரிசை 2015-ஐ எப்போதோ கடந்துவிட்டது. ஆண்டுக்கணக்கில் காத்திருப்பவர்களுக்கு ஈபி-1ஏ மீது இவ்வளவு ஈர்ப்பு வருவதற்குக் காரணம் இதுதான். அது நியாயமான ஈர்ப்பும்கூட.

கணக்கில் எடுப்பது பிறந்த நாட்டை, குடியுரிமையை அல்ல. யாழ்ப்பாணத்திலோ சிங்கப்பூரிலோ பிறந்த தமிழர் இந்திய வரிசையில் வரமாட்டார். கணவனும் மனைவியும் வெவ்வேறு நாடுகளில் பிறந்திருந்தால், இருவரில் யாருடைய நாட்டு வரிசை சாதகமோ அதை எடுத்துக்கொள்ளலாம்.

பத்து அளவுகோல்கள்

நோபல் பரிசு, ஒலிம்பிக் பதக்கம் போன்ற ஒரே ஒரு மாபெரும் சர்வதேச விருது இருந்தால் முதல் கட்டத்தைத் தாண்ட அதுவே போதும். இல்லாதவர்கள் கீழ்க்கண்ட பத்தில் குறைந்தது மூன்றைக் காட்ட வேண்டும்.

1. துறையில் தேசிய அல்லது சர்வதேச அங்கீகாரம் பெற்ற பரிசுகள், விருதுகள்.

2. சிறந்த சாதனையாளர்களை மட்டுமே, அதுவும் வல்லுநர்கள் மதிப்பிட்டுச் சேர்த்துக்கொள்ளும் சங்கங்களில் உறுப்பினர் தகுதி. சந்தா கட்டினால் கிடைக்கும் உறுப்பினர் அட்டை இதில் சேராது. ஐஇஇஇ என்ற சர்வதேசப் பொறியாளர் அமைப்பின் சாதாரண உறுப்பினருக்கும் அதன் ‘ஃபெல்லோ’வுக்கும் உள்ள தூரம்தான் இந்த அளவுகோல்.

3. நம்மைப் பற்றியும் நம் பணியைப் பற்றியும் தொழில்சார் இதழ்களிலோ பெரிய ஊடகங்களிலோ வெளிவந்த கட்டுரைகள்.

4. துறையில் மற்றவர்களின் படைப்புகளை மதிப்பிடும் நடுவர் பணி.

5. துறைக்குப் பெரும் முக்கியத்துவம் வாய்ந்த சொந்தப் பங்களிப்பு.

6. ஆய்வுக் கட்டுரைகளின் ஆசிரியராக இருப்பது.

7. கலைக் கண்காட்சிகளில் படைப்புகள் வைக்கப்பட்டிருப்பது.

8. பெயர்பெற்ற நிறுவனத்தில் தலைமை அல்லது இன்றியமையாத பொறுப்பு.

9. துறையில் மற்றவர்களைவிட மிக உயர்ந்த ஊதியம்.

10. நிகழ்த்து கலைகளில் வசூல்ரீதியான வெற்றி.

இவை நம் தொழிலுக்குப் பொருந்தாதபோது, அவற்றுக்கு ஈடான வேறு சான்றுகளையும் காட்டலாம். ஆனால் ‘ஏன் பொருந்தவில்லை’ என்று முதலில் சொல்லியாக வேண்டும். வெறுமனே நம்மிடம் இல்லை என்பது காரணமாகாது.

மூன்று இருந்தால் ஏன் போதாது? கசாரியன் வழக்கு

ஆர்மீனியாவிலிருந்து வந்த இயற்பியல் ஆய்வாளர் கசாரியன் போட்ட மனு நிராகரிக்கப்பட்டு, 2010-ல் ஒன்பதாவது வட்டார மேல்முறையீட்டு நீதிமன்றத்தில் முடிந்தது. அவருடைய கட்டுரைகளை மற்ற ஆய்வாளர்கள் எப்படி வரவேற்றார்கள் என்று காட்டவில்லை, எனவே ஆறாவது அளவுகோல் நிறைவேறவில்லை என்றது குடியேற்றத் துறை. அப்படி ஒரு நிபந்தனை விதியிலேயே இல்லையே, நீங்களாக எப்படிச் சேர்த்தீர்கள் என்று நீதிமன்றம் கேட்டது. கட்டுரை எழுதியிருந்தால் அந்த அளவுகோல் முடிந்தது. அந்தக் கட்டுரைகளின் மதிப்பு என்ன என்ற கேள்வி அடுத்த கட்டத்துக்கு உரியது.

துறையின் வாதத்தை நீதிமன்றம் மறுத்த பிறகும் அவருக்கு ஒப்புதல் கிடைக்கவில்லை. கட்டுரை, நடுவர் பணி என்று இரண்டு அளவுகோல்களே தேறின, மூன்றாவது இல்லை.

அந்தத் தீர்ப்பை வைத்துக் குடியேற்றத் துறை அதே ஆண்டு டிசம்பரில் நாடு முழுவதற்குமான இரண்டு கட்ட முறையைக் கொண்டுவந்தது. முதல் கட்டத்தில் மூன்று அளவுகோல்கள் விதியின் சொற்படி நிறைவேறினவா என்று எண்ணிப் பார்ப்பார்கள். இரண்டாவது கட்டத்தில் எல்லாச் சான்றுகளையும் ஒன்றாக வைத்து, இவர் உண்மையிலேயே உச்சியில் இருக்கும் சிலரில் ஒருவரா, புகழ் நீடித்ததா என்று எடைபோடுவார்கள். ‘இறுதித் தகுதி மதிப்பீடு’ என்பது இதுதான். விளம்பரங்கள் சொல்லாமல் விடும் பாதியும் இதுவே.

நடுவர் பணியை எடுத்துக்கொள்வோம். ஓர் ஆய்விதழுக்கு நான்கு கட்டுரைகளை மதிப்பாய்வு செய்து கொடுத்ததற்கான மின்னஞ்சல் இருந்தால் முதல் கட்டத்தில் நான்காவது அளவுகோல் தேறிவிடும். (அழைப்பு மட்டும் வந்தால் போதாது, மதிப்பாய்வை முடித்துக் கொடுத்திருக்க வேண்டும்.) இரண்டாவது கட்டத்தில் அதிகாரி வேறு விதமாகக் கேட்பார்: உங்கள் துறையில் முனைவர் பட்டம் முடித்த எல்லோரும் செய்கிற வேலைதானே இது? அதற்குப் பதில், ஆசிரியர் குழுவில் இடம், பெரிய மாநாட்டின் தேர்வுக் குழுவில் பொறுப்பு போன்றவற்றில் இருக்கிறது. அவை தானாக வருவதில்லை; துறையில் யாரோ நம்மைத் தேர்ந்தெடுத்ததால் வருகின்றன.

நிரூபிக்க வேண்டிய அளவு என்ன என்பதும் தெளிவாகவே இருக்கிறது. சந்தேகத்துக்கு இடமில்லாமல் என்று யாரும் கேட்கவில்லை. இல்லை என்பதைவிட ஆம் என்பதற்கே வாய்ப்பு அதிகம் என்று அதிகாரிக்குத் தோன்றினால் போதும். குடியேற்றத் துறையின் மேல்முறையீட்டு அலுவலகம் 2010-ல் தந்த சவாதே முடிவு இதை உறுதிசெய்தது. ஆனால் அதே முடிவு, ஒவ்வொரு சான்றும் பொருத்தமானதா, நம்பத்தக்கதா, எதையாவது நிறுவுகிறதா என்று தனித்தனியாகவும் மொத்தமாகவும் பார்க்கச் சொல்கிறது. எனவே பக்க எண்ணிக்கை உதவாது.

சான்று என்றால் மற்றவர்கள் செய்தது

மனுவைப் படிக்கும் அதிகாரி நம் துறை நிபுணர் அல்ல. நம் வேலை எவ்வளவு கடினம் என்பதை அவரால் அளக்க முடியாது. ஆனால் நம் வேலையைப் பார்த்துவிட்டு மற்றவர்கள் என்ன செய்தார்கள் என்பதை அவரால் அளக்க முடியும். நான் பார்த்தவரை மனுவின் பலம் முழுக்க இந்த ஒரு இடத்தில்தான் இருக்கிறது. நம்மோடு சம்பந்தமில்லாத ஒருவர் நம் வேலையை எடுத்துப் பயன்படுத்தினாரா, தன் முறையை மாற்றிக்கொண்டாரா, பணம் கொடுத்து வாங்கினாரா?

மிகப் பலர் தடுக்கி விழும் ஐந்தாவது அளவுகோலைக் கிட்டப்போய்ப் பார்ப்போம். வங்கிப் பரிவர்த்தனைகளில் மோசடியைக் கண்டுபிடிக்கும் ஒரு முறையை உருவாக்கிய மென்பொறியாளர் ஒருவரைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். அவருடைய மேலாளர் தரும் கடிதம் இப்படி இருக்கும்:

“இவர் மிகத் திறமைசாலி. இவருடைய கண்டுபிடிப்பால் எங்கள் நிறுவனத்துக்குப் பெரும் பணம் மிச்சமானது. இத்துறையின் தலைசிறந்தவர்களில் இவரும் ஒருவர்.”

இதில் பொய் ஏதும் இல்லாமல் இருக்கலாம். ஆனாலும் அதிகாரிக்கு இதில் எடுத்துக்கொள்ள எதுவுமில்லை. நிறுவனத்துக்கு நன்மை என்றால் சம்பளம் கொடுத்ததன் பலன் அது. துறைக்கு என்ன நடந்தது? இப்போது, இவரை நேரில் சந்தித்திராத வேறொரு வங்கியின் தொழில்நுட்பத் தலைவர் எழுதும் கடிதத்தைப் பாருங்கள்:

“இவர் வெளியிட்ட முறையை மாநாட்டுக் கட்டுரையில் படித்தோம். அடுத்த ஆண்டே எங்கள் அமைப்பில் அதைச் சேர்த்தோம். அதற்கு முன் தவறாக முடக்கப்பட்ட பரிவர்த்தனைகள் எத்தனை, பின் எத்தனை என்பது இணைப்பில் உள்ள எங்கள் உள்சுற்று அறிக்கையில் இருக்கிறது.”

இரண்டாவதில் ஒரு புகழ்ச்சிச் சொல்கூட இல்லை. என்ன நடந்தது, எப்போது நடந்தது, தாள் எங்கே என்று மூன்றும் இருக்கின்றன. பரிந்துரைக் கடிதம் தன்னளவில் சான்றாகாது. மற்ற சான்றுகளைப் படிக்க உதவும் விளக்கு அது. ஐந்து பேர் தரும் கடிதங்களில் ஒரே வாக்கியங்கள் திரும்பத் திரும்ப வந்தால், ஒரே கை எழுதியது என்று எவருக்கும் தெரிந்துவிடும். அதன்பின் அந்தக் கடிதங்களுக்கு மதிப்பிருக்காது.

காப்புரிமையும் இப்படியே. காப்புரிமை கிடைத்தது என்றால் கண்டுபிடிப்பு புதிது என்று மட்டுமே பொருள். யாராவது உரிமம் பெற்றார்களா, பொருளாக்கி விற்றார்களா என்பது சேர்ந்தால்தான் ‘பெரும் முக்கியத்துவம்’ வருகிறது. மேற்கோள் எண்ணிக்கையையும் அதிகாரிகள் இப்போது பிரித்துப் பார்க்கிறார்கள். முன்னுரையில் இருபது கட்டுரைகளோடு ஒன்றாக நம் கட்டுரையும் பட்டியலிடப்படுவது வேறு. ஒருவர் நம் முறையின் மேலேயே தன் ஆய்வைக் கட்டுவது வேறு. இரண்டாம் வகையில் நான்கு இருந்தாலும் அந்தப் பக்கங்களை எடுத்து, அந்த வரிகளைக் குறித்துக் காட்டுவது நூறு என்ற வெற்று எண்ணைவிட நன்றாக வேலை செய்யும்.

ஊதியமும் துறையும்: கவனமாக வரையறுக்க வேண்டியவை

சான் ஹோசேயில் ஒரு மென்பொறியாளர் வாங்கும் சம்பளம் தேசிய சராசரியைவிட அதிகம் என்பதில் வியப்பில்லை. அங்கே எல்லோருக்கும் அப்படித்தான். அதே வேலை, அதே ஊர், அதே ஆண்டு என்று ஒப்பிட வேண்டும். அமெரிக்கத் தொழிலாளர் துறையின் ஊதியப் புள்ளிவிவரங்கள் இதற்குப் பயன்படும். சென்னையில் வாங்கிய சம்பளத்தைக் காட்டுபவர் டாலராக மாற்றிக் கவலைப்பட வேண்டியதில்லை. அந்தந்த நாட்டு ஊதிய நிலவரத்தோடுதான் ஒப்பிட வேண்டும் என்று குடியேற்றத் துறையின் கொள்கைக் கையேடே சொல்கிறது.

துறையை எப்படி வரையறுக்கிறோம் என்பதும் முடிவை மாற்றும். தென்கொரியாவின் புகழ்பெற்ற பேஸ்பால் வீரர் லீ மான்-சூ, சிகாகோ வைட் சாக்ஸ் அணியில் பயிற்சியாளராக இருக்க மனுப் போட்டார். ஆட்டக்காரராக அவருடைய உயரத்தை யாரும் மறுக்கவில்லை. ஆனால் ஆடும் திறன் வேறு, பயிற்சி தரும் திறன் வேறு என்று மனு நிராகரிக்கப்பட்டது; 2002-ல் நீதிமன்றமும் அதை ஏற்றது. ஆராய்ச்சியாளராகப் பெயர் எடுத்துவிட்டு இப்போது புராடக்ட் மேலாளராக வேலை பார்க்கிறவர்கள் இந்த வழக்கை மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். எந்தத் துறையில் புகழோ அதே துறையில் தொடர்ந்து உழைக்கப்போகிறேன் என்பதையும், அதனால் அமெரிக்காவுக்கு நன்மை என்பதையும் மனு காட்டியாக வேண்டும்.

தமிழ்நாட்டுக் கலைஞர்களுக்கு வரும் சிக்கல்கள்

கர்நாடக இசை, பரதநாட்டியம், சினிமா என்று இந்தப் பிரிவில் மனுப் போடும் நம் கலைஞர்களுக்குச் சாதனை குறைவதில்லை. தாள்தான் குறைகிறது.

பத்திரிகைக் கட்டுரைக்குத் தலைப்பு, தேதி, எழுதியவர் பெயர் மூன்றும் வேண்டும் என்று விதி சொல்கிறது. நம் நாளிதழ்களில் பல விமர்சனங்கள் ‘நமது நிருபர்’ என்ற பெயரில்தான் வருகின்றன. அந்தச் செய்தியை எழுதியவர் யார் என்று பத்திரிகை அலுவலகத்திலிருந்து ஒரு கடிதம் வாங்கி வைப்பது நல்லது. பத்திரிகையின் விற்பனை எண்ணிக்கைக்கான சான்றும் வேண்டும். ‘தினத்தந்தி’ எவ்வளவு பெரியது என்று அமெரிக்க அதிகாரிக்குத் தெரிந்திருக்க வேண்டிய அவசியமில்லை. ஒவ்வொரு தமிழ்த் தாளுக்கும் முழு ஆங்கில மொழிபெயர்ப்பும், அது முழுமையானது, சரியானது, எனக்கு இரு மொழியும் தெரியும் என்று மொழிபெயர்த்தவர் கையெழுத்திட்ட உறுதிமொழியும் இணைக்க வேண்டும். சுருக்கம் மட்டும் தந்தால் ஏற்கமாட்டார்கள்.

கலைமாமணி போன்ற மாநில அரசு விருதைக் காட்டும்போது, மாநிலம் கொடுத்தாலும் தேசிய அளவில் மதிக்கப்படுகிறது என்பதைத் தனியாக நிறுவ வேண்டும்: எப்படித் தேர்வு செய்கிறார்கள், முன்பு யாரெல்லாம் பெற்றார்கள், மாநிலத்துக்கு வெளியே எந்த ஊடகங்கள் எழுதின. மார்கழிக் கச்சேரியில் அரங்கு நிரம்பியது என்றால், சபாவிடமிருந்து டிக்கெட் விற்பனைக் கணக்கு வேண்டும். இதையெல்லாம் அந்தந்த ஆண்டே வாங்கி வைக்காமல் பத்து வருடம் கழித்துத் தேடினால் சபா செயலாளரே மாறியிருப்பார்.

விலைக்கு வரும் விருதுகள்

இதைப் பற்றி எனக்கு உண்மையான கவலை உண்டு. கட்டணம் கட்டி விண்ணப்பித்தால் கிடைக்கும் விருது, பணம் கொடுத்தால் சேர்க்கும் சங்கம், வேறொருவர் எழுதி நம் பெயரில் வெளியாகும் கட்டுரை, பணம் வாங்கிக்கொண்டு வெளியிடப்படும் பேட்டி என்று ஒரு சந்தையே நடக்கிறது. வாங்குபவர்களில் பலர் நன்றாக வேலை தெரிந்தவர்கள். பதினைந்து வருடம் காத்திருந்து களைத்தவர்கள்.

இந்த வழியில் இரண்டு ஆபத்துகள் உண்டு. முதலாவது, தேதிகளே காட்டிக்கொடுக்கும். விருது, உறுப்பினர் தகுதி, நடுவர் பணி, பேட்டி எல்லாம் மனுவுக்கு முந்தைய எட்டு மாதத்துக்குள் வரிசையாக வந்திருந்தால், ‘நீடித்த புகழ்’ என்ற சட்டச் சொல்லோடு அது ஒட்டாது. நேர்மையாகச் சேர்த்த சான்றுகளின் மேலும் சந்தேகம் படியும்.

இரண்டாவது அதைவிடக் கொடியது. பொய்த்தகவல் தந்து குடியேற்றப் பலன் பெற முயன்றதாக முடிவானால், அமெரிக்காவுக்குள் வர வாழ்நாள் தடை விழலாம். அதற்கு விலக்கு கிடைக்கும் வழி மிகக் குறுகியது. ஒப்புதலான மனுவையும் பின்னாளில் ரத்து செய்ய முடியும். ஐ-140ல் பொய்ச்சாட்சியத் தண்டனைக்கு உட்பட்டுக் கையெழுத்துப் போடுவது நாம்தான். ‘கன்சல்டன்சி சொன்னார்கள், லாயர் எழுதினார்’ என்பது அங்கே எடுபடாது.

மனு போட்ட பிறகு

பிரீமியம் கட்டணம் கட்டினால் 15 வேலைநாட்களுக்குள் துறை ஏதாவது ஒரு முடிவைச் சொல்ல வேண்டும். அந்த முடிவு ஒப்புதலாக இருக்கலாம். கூடுதல் சான்று கேட்கும் ஆர்எஃப்இயாகவும் இருக்கலாம். ஆர்எஃப்இ வந்தால் பதில் தர அதிகபட்சம் 84 நாள். அதை மறுப்பு என்று எண்ணிப் பதற வேண்டாம். எந்த அளவுகோலை ஏற்றார்கள், எதை ஏற்கவில்லை, ஏன் என்று அதிகாரி எழுத்தில் சொல்லும் தாள் அது. ஏற்றவற்றை விட்டுவிட்டு, ஏற்காதவற்றுக்கு மட்டும் புதிய தாள்களோடு பதில் தருவதே முறை. இறுதித் தகுதி மதிப்பீட்டைப் பற்றிக் கேட்டிருந்தால் அதற்குத் தனியாக, முழுமையாகப் பதில் எழுத வேண்டும்.

ஒப்புதல் வந்தாலும் கிரீன் கார்டு கையில் வந்ததாகாது. முன்னுரிமைத் தேதி வரிசையில் எட்டிய பிறகு ஐ-485 (அமெரிக்காவுக்குள் இருந்தபடியே கிரீன் கார்டு கேட்கும் படிவம்) வழியாகவோ தூதரகம் வழியாகவோ அடுத்த கட்டம் நடக்கும்.

நிராகரித்தால் 30 நாட்களுக்குள் மேல்முறையீடு செய்யலாம், மறுஆய்வும் கேட்கலாம். அல்லது புதிய மனுவே போடலாம். அதற்குக் காத்திருப்புக் காலம் எதுவும் கிடையாது. முந்தைய மனு துறையின் கோப்பில் அப்படியே இருக்கும் என்பதால், முதல் மனுவில் தரவு ஆய்வாளர் என்று சொல்லிவிட்டு இரண்டாவதில் தொழில்முனைவோர் என்று மாற்றிச் சொன்னால் அதற்கும் விளக்கம் தர வேண்டிவரும். நிராகரிப்புக் கடிதத்தை முழுதாகப் படித்து, அதில் அதிகாரி காட்டிய ஓட்டைகளை அடைக்கும் சான்று கையில் வந்த பிறகு மீண்டும் போடுவது உசிதம்.